பழைய 207 பிக்கப்புக்கு எந்த எஞ்சின்: சுமோவா, குவாலிஸா?

அருமனை_வாழைக்குலை:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல 1998 மாடல் டாட்டா 207 பிக்கப் ஒண்ணு நிக்குது, டி.என். 74 வண்டி. அப்பா காலத்துல இருந்து வாழைக்குலை ஏத்துகோம், மார்த்தாண்டம் சந்தை, திங்கள்சந்தை, சில நேரம் வடசேரி வரைக்கும். போன மாசம் கடையாலுமூடு பக்கம் ஒரு ஏத்தத்துல ஆயில் பிரஷர் போயி, கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கைத் துளைச்சுட்டு வெளிய வந்துட்டு. பிளாக் பாத்தாச்சு, ஒண்ணும் செய்ய முடியாது.

வண்டிய ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடை) குடுக்க மனசில்ல. பிளாட்பாரம் புதுசா அடிச்சது, டயர் நாலும் நல்லது, எஃப்.சி. (தகுதிச் சான்று) இன்னும் இருக்கு. இப்ப ரெண்டு வழி சொல்லுகாங்க. நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு யார்டுல குவாலிஸ் எஞ்சின், கியர்பாக்ஸோட இருக்காம். ஆரல்வாய்மொழியில ஒருத்தர்ட்ட சுமோ எஞ்சின் இருக்காம், எஞ்சின் மட்டும். எங்க மெக்கானிக் குவாலிஸ்தான் போடணும்ங்காரு, "டொயோட்டா எஞ்சின், சாவே கிடையாது"ன்னு. மாமா சுமோன்னு நிக்காரு. யாராவது போட்டுப் பாத்தவங்க உண்டுமா?

தக்கலை_டீசல்பம்ப்:
தம்பி, எது நல்லதுன்னு பேசுறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லு. உன் வண்டியில இருந்த எஞ்சின் எது? 207-ன்னு பேரு ஒண்ணுதான், உள்ள வந்த எஞ்சின் வேற வேற. பழசுல 1948 சிசி. பின்னால வந்த 207 டி.ஐ.-ல 2956 சிசி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஆர்.சி.யில (பதிவுச் சான்று) எஞ்சின் நம்பர் எப்படித் தொடங்குதுன்னு பாரு. 483-ன்னு இருந்தா சின்னது: 4 சிலிண்டர், 83 மில்லி போர். 497-ன்னு இருந்தா பெருசு: 4 சிலிண்டர், 97 மில்லி போர். டாட்டாக்காரன் பேரையே அளவா வச்சிருக்கான், நமக்கு வசதி.

அருமனை_வாழைக்குலை:
483டி.எல். அண்ணே. ஆர்.சி.யில 1948 சிசின்னு போட்டிருக்கு.

தக்கலை_டீசல்பம்ப்:
அப்ப உங்க மாமா சொன்னதுதான் சரி. டாட்டாமொபைல் 207 வந்தது 1988-ல. அதே சேஸிஸ், அதே எஞ்சினை வச்சுத்தான் 91-ல சியரா, 92-ல எஸ்டேட், 94-ல சுமோ எல்லாம் இறக்கினான். பழைய சாதா சுமோவுல இருக்கிறதும் 483டி.எல்.தான், அதே 83 போர், 90 ஸ்ட்ரோக். அதாவது நீ வேற எஞ்சின் மாத்தல, உன் எஞ்சினோட கூடப்பிறந்ததத்தான் கொண்டு வந்து வைக்கிற.

கொல்லங்கோடு_ராக்கெட்:
என்னண்ணே இது, இன்னும் சுமோ காலத்துலயே இருக்கீங்க. குவாலிஸ் போடுங்க, கண்ண மூடிக்கிட்டு. 2446 சிசி, 75 குதிரை. கேரளாவுல எத்தன ஜீப்புல ஓடுது தெரியுமா? யூடியூப்ல பாருங்க. சத்தமே கேக்காது. இல்லன்னா ஸ்விஃப்ட் டீசல் எஞ்சின் போடலாம், மைலேஜ் பிச்சுக்கிட்டு வரும், ஆக்சிடென்ட் வண்டி எஞ்சின் எங்க பாத்தாலும் கிடைக்குது.

கோட்டாறு_லேத்:
ராக்கெட் மக்கா, ஸ்விஃப்ட் எஞ்சினை எந்தப் பக்கம் திருப்பி வைப்பே? அது குறுக்க உக்காருற எஞ்சின். கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள்ள, முன் சக்கரத்துக்குத்தான் ஓட்டம் போகும். இது பின் சக்கர வண்டி, எஞ்சின் நீளவாக்குல இருந்து நடுவுல ஷாஃப்ட் போகணும். போதாததுக்கு அது காமன் ரெயில், கம்ப்யூட்டர் வச்சு டீசல் அடிக்கிற எஞ்சின். ஈ.சி.யு., பெடல் சென்சார், இம்மொபிலைசர்னு ஒரு மூட்டை ஒயரிங்கையும் கூடத் தூக்கிட்டு வரணும். வாழைக்குலை வண்டிக்கு அது எதுக்கு? அத விடு.

குவாலிஸ் விஷயம் வேற. அது நல்ல எஞ்சின், நான் மறுக்கல. மெக்கானிக்கல் பம்ப், ஒயரிங் அதிகம் கிடையாது, நீளவாக்கு, பின் சக்கரம். அதனாலதான் எல்லாரும் அதைப் போடுகாங்க. ஆனா என் பட்டறைக்கு வர்றவங்க எஞ்சின் விலைய மட்டும் கேட்டுட்டு வர்றாங்க. அதுக்குப் பின்னால உள்ள செலவ யாரும் கேக்குறதில்ல. எஞ்சின் மாத்துறதுல எஞ்சின்தான் சுலபம். கஷ்டமெல்லாம் அதுக்குப் பின்னால இருக்கு.

குவாலிஸ் எஞ்சினை டாட்டா கியர்பாக்ஸ்ல பூட்டணும்னா பெல் ஹவுசிங் (கிளட்ச மூடுற கூடு) ஓட்டை ஒண்ணும் சேராது. நடுவுல அடாப்டர் பிளேட் வெட்டணும். நல்ல கனமான எம்.எஸ். பிளேட் எடுத்து ஓட்டை போட்டா முடிஞ்சதுன்னு நினைக்காத. கிராங்கோட மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டோட மையமும் ஒண்ணா நிக்கணும். நான் பிளேட்ட வெட்டினதும் எஞ்சின்ல பூட்டி, பெல் ஹவுசிங்க ஏத்தி, பிளைவீல்ல காந்த அடி வச்ச டயல் கேஜ நிறுத்தி, கிராங்க கையால மெதுவா ஒரு சுத்து சுத்துவேன். முள் ஒரு பக்கம் 10 கோடு ஏறி மறுபக்கம் இறங்கினா, அதாவது 0.1 மில்லி, சரி, போகட்டும். அதுக்கு மேல ஓடினா டோவல் பின் (இடம் மாறாம நிறுத்துற ஊசி) ஓட்டையத் திரும்பப் போடணும். இது பாக்காம பூட்டின வண்டி முதல்ல நல்லாத்தான் ஓடும். பிறகு கிளட்ச் பிளேட்டோட நடுக்கட்டை உடையும், இன்புட் பேரிங் சத்தம் போடும், டாப் கியர் தானா துள்ளும். அப்ப எல்லாரும் கியர்பாக்ஸத் திட்டுவாங்க.

அது வேண்டாம், குவாலிஸ் கியர்பாக்ஸோடயே வைக்கிறேன்னா, புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். வெட்டி வெல்டு வச்சு, ரெண்டு முனை யோக்கும் ஒரே வாக்குல இருக்குதான்னு பாத்து, பேலன்ஸ் பண்ணணும். கியர் கம்பி வர்ற இடத்துல ஃபுளோர் வெட்டணும், கியர்பாக்ஸ் தாங்குற குறுக்குச் சட்டம் மாறணும், ஸ்பீடோமீட்டர் கேபிள் சேராது. சம்ப் (அடி ஆயில் தொட்டி) கீழ எங்கயாவது இடிக்குதான்னு பாக்கணும். எல்லாம் செய்யலாம். செய்து குடுத்திருக்கேன். ஆனா அந்தப் பில்லைப் பாத்துட்டு எவனும் சிரிச்சதில்ல.

குளச்சல்_ஐஸ்பெட்டி:
லேத் அண்ணன் சொன்னதுல ஒரு எழுத்து பொய்யில்ல. எங்க பக்கம் மீன் ஏத்துற ஒருத்தர் பழைய பிக்கப்புல குவாலிஸ் எஞ்சின் வச்சாரு. இழுவை அருமையா இருக்கும். லோடோட ஏத்தத்துல மூணாவது கியர்ல போகும். ஆனா பிரேக்குல முடிஞ்சுது கதை. டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் எங்கிருந்து வருது? ஆல்டர்னேட்டருக்குப் பின்னால ஒட்டியிருக்கிற சின்ன பம்புல இருந்து. அதுக்கு எஞ்சின் ஆயில் ஒரு குழாய்ல போயி மறுகுழாய்ல சம்புக்குத் திரும்பணும். இவரு இடம் காணாதுன்னு ஏதோ ஒரு வேன் ஆல்டர்னேட்டர வச்சு, ஆயில் திரும்புற குழாய வளைச்சு நெருக்கிட்டாங்க. பம்ப் சூடேறிச் செத்துது. முழு ஐஸ் லோடோட இறக்கத்துல வரும்போது பெடல் கல்லு மாதிரி ஆயிட்டு. ஹேண்ட் பிரேக்கும் கியரும் காப்பாத்துச்சு. எஞ்சின் மாத்துறவங்க பிரேக்க நினைக்கிறதே இல்ல.

இன்னொண்ணு. கடலோரத்து வண்டின்னா எஞ்சின் வைக்கிறதுக்கு முந்தி சேஸிஸ் சட்டத்தை சுத்தியால தட்டிப் பாருங்க. மவுண்டிங் வெல்டு வைக்கிற இடம் உப்புக் காத்துல தாளாப் போயிருந்தா எந்த எஞ்சின் வச்சும் காரியமில்ல. அருமனை வண்டின்னா தப்பிச்சிருக்கும்.

கொல்லங்கோடு_ராக்கெட்:
இவ்வளவு பயந்தா ஒண்ணும் செய்ய முடியாதண்ணே. சரி, குவாலிஸே போட்டாலும் ஆர்.சி.க்கு என்ன பிரச்சினை? பழைய பிளாக்ல நம்பர் உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புது எஞ்சின்ல ஒட்டிட்டா ஆச்சு. எத்தன பேரு செய்யுகாங்க.

மார்த்தாண்டம்_எஃப்சி:
தம்பி, இதைப் பொதுவில் எழுதாதீர்கள். எஞ்சின் நம்பரை வெட்டி ஒட்டுவதும் தேய்த்து அடிப்பதும் திருட்டு வண்டிக்காரன் செய்யும் வேலை. பிடிபட்டால் அப்படித்தான் வழக்கும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பல வருடமாக எஃப்.சி. வேலைக்காக ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏறி இறங்குகிறவன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. வாகனத்தை மாற்றியமைக்க இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் எஞ்சின் கெட்டுப்போனால் வண்டியைப் புதைத்துவிடு என்று சட்டம் சொல்லவில்லை. அதே 52-இல் பத்து போக்குவரத்து (டிரான்ஸ்போர்ட்) வண்டிக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு மாநில அரசு ஒரு சலுகை தரலாம் என்று இருக்கிறது. முன் அனுமதி இல்லாமலே எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம். அங்கேயும் நிபந்தனை ஒன்றுதான்: அதே தயாரிப்பு, அதே வகை. ஒற்றை வண்டிக்காரர் அனுமதி கேட்டு மனு கொடுக்க வேண்டும், மாற்றியபின் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்ப் புது நம்பரை ஏற்ற வேண்டும். அருமனைத் தம்பி, உங்கள் ஆர்.சி.யில் டாட்டா, 1948 சிசி. சுமோ எஞ்சினும் டாட்டா, 1948 சிசி. அதைக் கேட்டுப் போனால் பேச ஒரு முகம் இருக்கிறது. டொயோட்டா 2446 சிசியை வைத்துக்கொண்டு போனால் என்ன சொல்வீர்கள்?

அடுத்த எஃப்.சி.யில் பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள். பார்க்காமல் விட்ட நாளும் உண்டு. ஆனால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் சர்வேயர் கட்டாயம் பார்ப்பார்.

திற்பரப்பு_ரப்பர்:
எழுபது எண்பதுகள்ல எங்க எஸ்டேட்டுல இருந்த பெட்ரோல் ஜீப் அத்தனையும் டீசல் எஞ்சினுக்கு மாறினதுதான். எந்த லேத்துல டயல் கேஜ் இருந்துது? மரக்கட்டைய அடியில குடுத்து, தென்னங்கயிறு கட்டித் தூக்கி, கண்ணால பாத்து வச்சான். ஓடிச்சே. கீரிப்பாறை ஏத்தத்துல ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏத்திட்டு ஓடிச்சு. இப்ப எல்லாத்துக்கும் சட்டம், செக்‌ஷன். குவாலிஸ்காரங்களுக்கு என் ஓட்டு.

கோட்டாறு_லேத்:
சாரே, அந்த ஜீப்புகளுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ கிளட்ச் வேலை செய்தது யாருன்னு நினைக்கீங்க? எனக்க அப்பாதான். எங்க வீட்டுல அரிசி வெந்தது அந்தக் கண்ணால பாத்து வச்ச வேலையிலதான், அதனால எனக்குப் புகார் ஒண்ணுமில்ல.

அருமனை_வாழைக்குலை:
எல்லாருக்கும் நன்றி. சுமோவே முடிவு பண்ணியாச்சு. மெக்கானிக்குக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனா மாமா மீசைய முறுக்குகாரு. ஞாயிற்றுக்கிழமை ஆரல்வாய்மொழி போறேன். எஞ்சின் வண்டியில இருந்து இறக்கலையாம், ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகேன்னு சொல்லுகாரு. என்னென்ன பாக்கணும்?

தக்கலை_டீசல்பம்ப்:
வண்டியில இருக்கிறது நல்லதாப் போச்சு. இறக்கி வச்ச எஞ்சின்னா பாதி கண்ணக் கட்டிக்கிட்டு வாங்குற மாதிரிதான்.

முதல்ல போனதும் ரேடியேட்டர்ல கை வச்சுப் பாரு. சூடா இருந்தா ஆள் உனக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காருன்னு அர்த்தம். "ஒரு டீ குடிச்சுட்டு வாறேன்"னு சொல்லி ஆற விடு. பச்ச எஞ்சின் எப்படி எழும்புதுன்னுதான் பாக்கணும். இது மறைமுக இன்ஜெக்‌ஷன் எஞ்சின், ஹீட்டர் பிளக் உண்டு. பிளக் நல்லா இருந்தா ஹீட்டர் போட்டு சாவி திருப்பினதும் பிடிக்கணும். ரொம்ப நேரம் சுத்தி, வெள்ளைப் புகை கக்கிட்டு எழும்பினா ஒண்ணு பிளக் போயிருக்கும், இல்ல கம்ப்ரஷன் இல்ல. பிளக்னா சின்னச் செலவு.

ஓட்டத்துல இருக்கும்போதே ஆயில் ஊத்துற மூடியக் கழட்டி, அதே துளை மேல கவுத்து வை. மூடி மெல்ல நடுங்கிட்டு அங்கேயே கிடந்தா பரவாயில்ல. துள்ளிக் கீழ விழுந்தா, துளையில இருந்து புகை அடிச்சா, பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங் தேய்ஞ்சாச்சு. அப்ப நீ வாங்குறது போர் (சிலிண்டர் கடையிற வேலை) செய்ய வேண்டிய எஞ்சின், அந்த விலைக்குக் கேளு. சும்மா கண்ணால பாத்தாலே இவ்வளவு தெரியும். முடிஞ்சா கம்ப்ரஷன் கேஜோட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போ. இந்த வகை எஞ்சினுக்கு 400 பி.எஸ்.ஐ. பக்கத்துல வரணும். அதவிட முக்கியம், நாலு சிலிண்டரும் ஒண்ணோடொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள நிக்கணும்.

டிப் ஸ்டிக்ல ஆயில் பால் காப்பி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு, திரும்பிப் பாக்காம வந்துடு. சூடானதும் ஐட்லிங்ல ஆயில் விளக்கு மினுங்குதான்னு பாரு. உனக்க பழைய எஞ்சின் போனதே ஆயில் பிரஷர்ல, மறுபடியும் அதே வழிக்குப் போகாத.

மார்த்தாண்டம்_எஃப்சி:
போகும்போது அந்த சுமோவின் ஆர்.சி. நகலையும் வாங்குங்கள். எஞ்சின் நம்பரை நேரில் துடைத்துப் பார்த்து, நகலில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் திருட்டு வண்டியா என்று பார்க்கும் வசதி இருக்கிறது, அதிலும் பாருங்கள். எழுத்தில் விற்பனை ரசீது கட்டாயம். அதில் எஞ்சின் நம்பர் இருக்க வேண்டும். "எஞ்சின் ஒன்று" என்று மட்டும் எழுதிய சீட்டு அலுவலகத்தில் செல்லாது.

அருமனை_வாழைக்குலை:
போயிட்டு வந்தேன். மூடி துள்ளல. கம்ப்ரஷன்ல மூணாவது சிலிண்டர் கொஞ்சம் குறைவு, ஆனா டீசல்பம்ப் அண்ணன் சொன்ன கணக்குக்குள்ள. ஆயில் சுத்தம். அங்க அடிக்கிற காத்துல புகை எந்த நிறம்னு பாக்கவே முடியல. ஒரு சாக்க சைலன்சர் பக்கம் மறைச்சுப் பிடிச்சுத்தான் பாத்தோம்.

ஆனா அவரு இப்ப இன்னொரு எஞ்சினையும் காட்டுகாரு. சஃபாரியில இருந்து எடுத்த டர்போ. அதுவும் 483தான், அதே 1948 சிசிதான், அப்படியே உக்காரும், பவர் கூடங்காரு. மனசு ஆடுது.

மார்த்தாண்டம்_எஃப்சி:
நம்பரில் டி.எல். பக்கத்தில் டி.சி. என்று இருக்குமே. அந்த இரண்டு எழுத்து போதும், வகை மாறிவிட்டது என்று எழுத.

கோட்டாறு_லேத்:
மனச ஆட விடாத மக்கா. டர்போ வச்சா எக்சாஸ்ட் பாதை மாறும், ரேடியேட்டர் காணாது, கிளட்ச் காணாது. பிறகு பிரேக்கும் காணாதுன்னு ஐஸ்பெட்டி வந்து எழுதுவாரு. சாதா எஞ்சினையே எடு.

எடுத்துட்டு வந்ததும் உடனே தூக்கி வைக்காத. வெளிய இருக்கும்போது செய்தா கைக்கு எட்டும், வண்டிக்குள்ள போனா கூலி ரெட்டிப்பு. டைமிங் பெல்ட், டென்ஷனர் பேரிங் புதுசு போடு, விற்கிறவர் "இப்பத்தான் மாத்தினது"ன்னு சத்தியம் பண்ணினாலும் போடு. பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும். வாட்டர் பம்ப், பின் கிராங்க் ஆயில் சீல், ஸ்பிகாட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிளட்ச் செட். பிளைவீல் முகத்துல நீலம் பாய்ஞ்சிருந்தா கொண்டு வா, ஒரு வெட்டு எடுத்துத் தாறேன்.

ரெண்டு எஞ்சினையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாரு. குடும்பம் ஒண்ணுதான், ஆனா வருஷத்துக்கு வருஷம் சில்லறை மாத்தம் செய்திருப்பான். சம்ப் வடிவம், மவுண்டிங் பிராக்கெட், கிளட்ச் பிளேட்டோட பல் எண்ணிக்கை. எது சேரலையோ அத உன் பழைய எஞ்சின்ல இருந்து மாத்திக்கோ, பிளாக்தானே போச்சு. சுமோவுல ஏ.சி. கம்ப்ரசர், பவர் ஸ்டியரிங் பம்ப் இருந்தா கழட்டிட்டு, அதுக்கு ஏத்த பெல்ட் வாங்கு.

குளச்சல்_ஐஸ்பெட்டி:
வேக்குவம் பம்ப் குழாய்!

கோட்டாறு_லேத்:
ஆமா சாமி, அதுவும். ரெண்டு ஹோஸும் புதுசு.

கொல்லங்கோடு_ராக்கெட்:
அண்ணே, எல்லாம் முடிஞ்சதும் ஒரு வீடியோ போடுங்க. அந்தக் குவாலிஸ் எஞ்சின் வேண்டாம்னா யார்டு நம்பர் எனக்குத் தாங்க, கூட்டுக்காரனுக்க ஜீப் ஒண்ணு கிடக்கு.

மார்த்தாண்டம்_எஃப்சி:
ராக்கெட், மேலே எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு நெய்யாற்றின்கரை போங்கள். அங்கிருந்து எடுத்தால் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் களியக்காவிளை தாண்டாதீர்கள். மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும்.

அருமனை_வாழைக்குலை:
சாதா எஞ்சினையே எடுத்தாச்சு. ரசீதுல நம்பர் எழுதி வாங்கிட்டேன், ஆர்.சி. நகலும் கையில இருக்கு. நாளைக்கு மனுவோட ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறேன். அனுமதி வந்த பிறகுதான் தூக்கி வைப்பு, அதுக்குள்ள லேத் அண்ணன்ட்ட பிளைவீல் வரும். கடைசியா ஒரு சந்தேகம்: பழைய ரேடியேட்டரே போதுமா? தண்ணி ஒழுகல.

தக்கலை_டீசல்பம்ப்:
ஒழுகலன்னா நல்லதுன்னு இல்ல தம்பி. உன் எஞ்சின் போகும்போது ஆயில் எவ்வளவு சூடாச்சோ, ரேடியேட்டர் உள்ள என்ன அடைச்சிருக்கோ. மேல் டேங்க் கழட்டிக் கம்பி விட்டு சுத்தம் பண்ணச் சொல்லு, கேப் புதுசு வாங்கு, தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறியாம புதுசு போடு. ஃபேனைச் சுத்தியிருக்கிற ஷ்ரவுட் உடைஞ்சிருந்தா அதையும் மாத்து. லோடோட கடையாலுமூடு ஏத்தத்துல முதல் கியர்ல ஊருற வண்டிக்குக் காத்து தானா வராது, ஃபேன்தான் இழுக்கணும். பிறகு, ஓட்டத்துக்கு விட்டதும் முதல் ஆயிலயும் ஃபில்டரையும் 1000 கிலோமீட்டர்லயே மாத்திடு.